உன் கார் எண் என் பிறந்த நாள் அல்ல

தினேசு,

கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் அம்மா ஏன் பூ ஜோடித்த காரில் ஏறாமல், அண்டா குண்டா ஏற்றிய வேனின் முன்சீட்டில் உட்கார்ந்து மண்டபத்துக்கு வந்தாள் என்று நம் ஊர் ஈஜோக்கில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சிலர் நேரிலேயே கேட்கிறார்கள். சிலர் நான் நகர்ந்த பிறகு கேட்டுக்கொள்கிறார்கள். மருமகள் சர்ச்சுக்குப் போகிறவள், அது கிழவிக்குப் பிடிக்கவில்லை என்று ஒரு பேச்சு நடப்பதாகக் காதில் விழுந்தது. என்னை யார் என்ன சொன்னாலும் எனக்கு உறைக்காது. ஆனால் ஒரு பாவமும் அறியாத பெண்ணின் தலையில் அது விழுவதை நான் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். அதனால்தான் இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டாமல் கொடுத்தனுப்புகிறேன். நீ படி. உன் பெண்டாட்டி ஜெசிந்தா படிக்கட்டும். உன் மாமா படிக்கட்டும். வேறு யார் கேட்டாலும் கொடு. எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை.

கார் நம்பர் என்றால் எனக்கு ஒரு காலத்தில் சிரிப்புதான், உனக்குத் தெரியும். கோலசிலாங்கூர் ஆற்றோரத்து மீன் சாப்பாட்டுக் கடையில் நான் இறால் உரிக்கப் போன நாளிலிருந்து அந்தச் சிரிப்பு. பின்கட்டில் குழாயடியில் உட்கார்ந்தால் கார் நிறுத்துமிடம் நேராகத் தெரியும். சனி ஞாயிறுகளில் கோலாலம்பூரிலிருந்து வரும் கார்களின் நம்பரைக் காட்டி, கடை முதலாளியான சீனத் தவுக்கேயின் மனைவி எனக்குப் பாடம் நடத்துவாள். எட்டு வந்தால் பணம் வரும், நாலு வந்தால் சாவு, அதை ஒருவரும் எடுக்க மாட்டார்கள், ஒற்றை எண் என்றால் ஆள் பெரிய இடம். ஒரு நாள் ஒரு கறுப்புக் காரைக் காட்டி, "அந்த நம்பர் விலைக்கு ஒரு வீடே வாங்கலாம்" என்றாள். கையில் இறால் தோலோடு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து உன்னிடமும் சொன்னேன். இடித்துவிட்டு ஓடுகிறவனைப் பிடிக்கத்தானே நம்பர், அதில் என்ன அழகு வேண்டிக்கிடக்கிறது என்றேன். நீ அப்போதுதான் தொழிற்கல்லூரி முடித்திருந்தாய். "யாருக்கும் கெடுதல் இல்லாத ஒரு ஆசைம்மா. அவன் டுயிட்டு, அவன் காசு, அவன் காரு. சிரிச்சிட்டுப் போங்களேன்" என்றாய். நியாயமாகத்தான் பட்டது. உன் அப்பா போன பிறகு நான் யாரோடும் வாதாடுவதை விட்டிருந்தேன். உன்னோடு மட்டும்தான் அது மிச்சம் இருந்தது.

என் பிறந்த நாள் கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும், படிக்கிற மற்றவர்களுக்காக. என் ஐசியில், அடையாள அட்டையில், இருக்கும் தேதி பொய்த் தேதி. தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி, ஆபீசில் உட்கார்ந்து எழுதிய நாளையே நான் பிறந்த நாளாகப் போட்டுவிட்டார். நிஜத் தேதி எங்கள் அம்மா வாயால் சொன்னது. நாளைக்கு மலேசியச் சுதந்திர நாள் என்று தோட்டத்து ஆபீஸ் வாசலில் கொடி கட்டிக்கொண்டிருந்தார்களாம், அன்று காலையில் நான் பிறந்தேனாம். ஆகஸ்டு முப்பது. எந்தக் காகிதத்திலும் இல்லாத அந்த நாள் எங்கள் வீட்டுக்குள் மட்டும் உயிரோடு இருந்தது. நீ முதல் வகுப்பில் படித்தபோது, எங்கம்மா பிறந்ததற்காகத்தான் ஊரெல்லாம் கொடி கட்டுகிறார்கள் என்று டீச்சரிடம் போய்ச் சொன்னாய். டீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சிரித்தார். நீ புக்கிட் பெருந்துங் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே அறை எடுத்துத் தங்கிய பிறகும், மறுநாள் விடுமுறை என்பதால் வருஷா வருஷம் அன்று சாயங்காலம் வந்துவிடுவாய். நான் நண்டுக் குழம்பு வைப்பேன். வேறு கொண்டாட்டம் ஒன்றும் கிடையாது. நீ வருவதுதான் கொண்டாட்டம்.

போன வருஷம் நீ வரவில்லை. அதற்கு முந்தின வாரமே போனில் சொல்லிவிட்டாய். "மெஷின் ஒன்னு படுத்துருச்சிம்மா. லீவு நாள்லயும் நிக்கச் சொல்லிட்டாங்க" என்றாய். சரி என்றேன். ஆனாலும் அன்று நண்டு வாங்கினேன். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டால் ஓடி வந்துவிடுவாய் என்று ஒரு நப்பாசை. இருட்டிய பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். அன்று நீ போனும் செய்யவில்லை. மெஷின் பக்கத்தில் போன் எடுக்க விடமாட்டார்கள், பாவம், பிள்ளை எண்ணெயும் அழுக்குமாக நிற்கும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், தினேசு. உன்மேல் எனக்கு வருத்தம்கூட வரவில்லை.

தீபாவளிக்கு முன் நீ புதுக் காரோடு வந்தாய். வாசலில் நிறுத்திவிட்டு ஹாரன் அடித்தாய். நான் கற்பூரமும் எலுமிச்சம்பழமும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைக்கக் குனிந்தபோதுதான் நம்பரைப் பார்த்தேன். மூன்று, பூஜ்யம், பூஜ்யம், எட்டு. எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம்தான் முப்பதாம் தேதி, எட்டாம் மாசம் என்று பட்டது. குனிந்தபடியே கேட்டேன்.

"டேய், இது என் பொறந்த நாளாடா?"

நான் நிமிர்ந்து பார்த்தபோது கையிலிருந்த சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பிள்ளைக்கு வெட்கம் என்று நினைத்தேன்.

"ஆமாம்மா" என்றாய். "ஏலத்துல கேட்டு எடுத்தேன்."

"எவ்வளவுடா ஆச்சு?"

"அதெல்லாம் கேக்காதீங்கம்மா. உங்களுக்குத்தானே."

உங்களுக்குத்தானே. அந்தச் சொல்லை நான் கேட்கவில்லை. நீயாகச் சேர்த்துக்கொண்டாய். நான் தெருவிலேயே அழுதேன். ஐசியில் இல்லாத, அரசாங்கத்துக்கே தெரியாத என் பிறந்த நாளை என் மகன் அரசாங்கத்திடமிருந்தே வாங்கி, இரும்புத் தகட்டில் அடித்து, ஊர் பார்க்க ஓட்டிவருகிறான் என்று அழுதேன். நம்பருக்காகச் செலவு செய்கிறவர்களைப் பார்த்துச் சிரித்தவள், அன்று முந்தானையால் அந்த நம்பரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நான் அடித்த தம்பட்டத்துக்குக் கணக்கே இல்லை. அம்மன் கோயில் மடப்பள்ளியில் காய் நறுக்கும்போது சொன்னேன். கோயில் செயலாளர், "அந்த நாலு நம்பரும் வேறொரு கம்பெனி கார் மாடலோட பேராச்சேக்கா. உங்க மகன் மாத்தி ஒட்டிட்டாரா?" என்று கிண்டல் செய்தார். எல்லோரும் சிரித்தார்கள். "எந்தக் கார் பேரா இருந்தா என்ன, எம்மவன் எனக்கு வச்ச பேரு" என்றேன். அன்று உன் மாமா முருகையாவும் அங்கே இருந்தான். அபிஷேகத்துக்கு இளநீர் கொண்டுவந்தவன். எல்லோரும் சிரித்தபோது அவன் மட்டும் சிரிக்காமல், சீவி முடித்த இளநீரையே திரும்பத் திரும்பச் சீவிக்கொண்டிருந்தான். என் தம்பிக்கு என் சந்தோஷத்தில் என்ன பொறாமை என்றுகூட நினைத்தேன். கடைக்கும் காரில் கொண்டுபோய் விடச் சொல்லி உன்னைக் கெஞ்சினேன். தவுக்கேயின் மனைவி வெளியே வந்து பார்த்து, "உங்க மகன் நல்ல பையன்லா" என்றாள். என்னைக் காருக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தாள். நம்பரின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நிற்கிறேன். அந்தப் படத்தை எல்லாருக்கும் அனுப்பினேன். நீ ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளேயே உட்கார்ந்திருந்தாய்.

ஜெசிந்தாவைப் பற்றி நீ என்னிடம் சொன்னது அதற்கெல்லாம் வெகு நாள் முந்தி. அதையும் இங்கே எழுதிவைக்கிறேன், ஊர்ப்பேச்சுக்குப் பதிலாக. கிறிஸ்துவப் பெண், பத்தாங் பெர்ஜுந்தையில் வீடு, அவளுடைய அப்பாவும் ஒரு காலத்தில் தோட்டத்து ஆள்தான் என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாய். எனக்குச் சட்டென்று சரி என்று சொல்ல வாய் வரவில்லை, அது உண்மை. மறுநாள் காலையில் சொன்னேன், நினைவிருக்கிறதா? "நம்ம கோயில்ல தாலி கட்டு, அவங்க சர்ச்சுல போயி ஆசீர்வாதம் வாங்கு, நான் ரெண்டுக்கும் வரேன். ஒன்னே ஒன்னு. எது நடந்தாலும் எனக்குத் தெரிஞ்சு நடக்கணும்." நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்குத் தெரியாம என்னம்மா நடக்கப் போவுது?" என்றாய். நான் கேட்டது அது ஒன்றுதான். பெண் எந்தச் சாமியைக் கும்பிடுகிறாள் என்பதில் எனக்கு நிபந்தனை இருக்கவில்லை.

பொங்கல் முடிந்து தேதி குறிக்க அவர்கள் வீட்டுக்குப் போனோம். நீ, நான், மாமா. உன் காரில்தான். நல்ல மனிதர்கள். வாசலுக்கே வந்து என் கையைப் பிடித்து அழைத்துப் போனார்கள். சம்பந்தியம்மா என்னை உட்காரவைத்ததும் கேட்ட முதல் கேள்வி, "கால் வலி இப்ப எப்படி இருக்குங்க?" என்பதுதான். எனக்குக் காலில் ஒரு வலியும் கிடையாது. நின்றுகொண்டே இறால் உரிக்கிறவள் நான். வயசானவளைப் பார்த்து மரியாதைக்குக் கேட்கிறார்கள் என்று நினைத்து, பரவாயில்லை என்றேன். பலகாரம் வந்தது, தேநீர் வந்தது, பேச்சு வந்தது. புதுக் கார் ரொம்ப அழகு என்று அவளுடைய அப்பா சொன்னார். நான் சும்மா இருப்பேனா? "அந்த நம்பரைப் பாத்தீங்களா சம்பந்தி? என் பொறந்த நாளு. ஐசியில கூட இல்லாத தேதி. எம்மவன் ஞாபகம் வச்சி எடுத்திருக்கான்" என்றேன்.

சம்பந்தியம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். முகமெல்லாம் சந்தோஷம்.

"அடடா, உங்க பொறந்த நாளும் அன்னைக்கேதானா! பாருங்களேன் கர்த்தரோட கிருபைய. பிள்ளைங்க கல்யாணத்த ரெஜிஸ்தர் பண்ண நாளும் அதுதானே. அதுக்காகத்தான் அந்த நம்பரு வேணும்னு ரெண்டு பேரும் ஒத்தக்கால்ல நின்னாங்க. நீங்க மட்டும் அன்னைக்குக் கால் வலின்னு வர முடியாமப் போச்சேன்னு எங்களுக்கு எவ்வளவு வருத்தம் தெரியுமா!"

அந்த அம்மாவின் முகத்தில் ஒரு துளி கள்ளம் இல்லை. எனக்கு எல்லாம் தெரியும் என்று நம்பித்தான் பேசினார். நான் உன்னைப் பார்த்தேன். கையில் பிடித்திருந்த தேநீர்க் கிண்ணத்தை நீ கீழே வைத்தாய். உன் மாமாவைப் பார்த்தேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அதிலேயே அவனும் அங்கே இருந்தான் என்று தெரிந்துவிட்டது. ஜெசிந்தா மட்டும் என் முகத்தையும் உன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு ஏதோ புரியத் தொடங்கிவிட்டது.

"ஆமா, அன்னைக்குக் கொஞ்சம் முடியாமப் போச்சு" என்றேன். சம்பந்தி வீட்டில் உன் மானத்தைக் காப்பாற்ற நானும் ஒரு பொய் சொன்னேன். தேதி குறித்தோம். வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டோம். திரும்பும்போது நான் பின்சீட்டில் ஏறினேன். மாமாவை முன்னால் உட்காரச் சொன்னேன். செம்பனைத் தோட்டங்களைத் தாண்டினோம். பிறகு நீதான் தொடங்கினாய்.

"மலிவு விலை வீடு ஒன்னுக்கு மனு போடணும்னா கல்யாணச் சான்றிதழ் வேணும்னு சொன்னாங்கம்மா. டைம் இல்ல. தாலிக்கு முந்தி ரெஜிஸ்தர்னா நீங்க ஒத்துக்க மாட்டீங்கன்னு பயந்துட்டேன்."

"கேட்டியா?"

"இல்ல."

"கேக்காமலே எனக்குக் கால் வலி வந்துருச்சா?"

மாமா மெதுவாக, "அக்கா, அவனே உங்ககிட்ட சொல்லிடறேன்னான். நான் சாட்சிக் கையெழுத்துத்தான் போட்டேன்" என்றான்.

"நீ பேசாதே முருகையா" என்றேன். "மடப்பள்ளியில பேசாதவன் இப்பவும் பேசாதே."

அப்போது நீ கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னாய்: "அம்மா, சாமி சத்தியமா, உங்க பொறந்த நாளுன்னுதான் அந்தத் தேதிய எடுத்தோம். நீங்க வராட்டியும் உங்க ஆசீர்வாதம் இருக்கட்டும்னு. அதனால நம்பரு ரெண்டுக்கும் சேத்துத்தான்."

உனக்குத் தெரியுமா தினேசு, அந்தச் சொல்லை நம்ப நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று? அதை மட்டும் நம்ப முடிந்திருந்தால் மற்றதையெல்லாம் அங்கேயே காற்றில் விட்டிருப்பேன். அதனால்தான் கேட்டேன்.

"அப்படின்னா அன்னைக்கு ஏண்டா எனக்கு ஒரு போன் பண்ணல?"

நீ கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்துச் சாலையைப் பார்த்து ஓட்டினாய்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து, ஜெசிந்தா தனியாக என்னைப் பார்க்க வந்தாள். நீ அனுப்பவில்லை என்று எனக்குத் தெரியும். உள்ளே வந்து உட்காராமல், சமையலறை வாசலில் நின்றபடியே, "உங்களுக்கு ஒன்னுமே தெரியாதா அத்தை?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். அவள் முகம் சுருங்கிப் போயிற்று. "உங்களுக்கு எல்லாம் சொல்லியாச்சு, நீங்க சந்தோஷமாத்தான் இருக்கீங்க, நடக்கத்தான் முடியலன்னு எங்ககிட்ட சொன்னாரு. நான் அன்னைக்கே உங்களுக்குப் போன் பண்றேன்னு கேட்டேன். அம்மா தூங்குறாங்கன்னுட்டாரு" என்றாள்.

நான் அவளை உட்காரவைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். பிறகு எனக்கு வேண்டிய ஒரே ஒரு கேள்வியைக் கேட்டேன். அந்தத் தேதியை எதற்காக எடுத்தீர்கள்?

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் எந்தப் பதிலுக்காகக் காத்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் அவள் பொய் சொல்லவில்லை.

"அந்தத் தேதிதான் காலியா இருந்துச்சி அத்தை. மறுநாள் லீவு, எல்லாருக்கும் வசதின்னு எடுத்தோம். உங்க பொறந்த நாளுன்னு எனக்குத் தெரியாது. அவரும் அன்னைக்கு அதப் பத்தி ஒன்னும் பேசல. மன்னிச்சிருங்க."

அழுதது அவள்தான். எனக்கு அழுகை வரவில்லை. அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். என் பெண்பிள்ளைபோல இருந்தது. மனதுக்கு வலிக்கும் என்று தெரிந்தே உண்மையைச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். அது இருக்கிற பெண் என் வீட்டுக்கு வருகிறாள் என்று அன்று நான் நினைத்ததையும் இந்தக் கடிதத்தில் எழுதிவைக்கிறேன். மருமகளைப் பிடிக்காமல்தான் நான் வேனில் வந்தேன் என்கிறவர்கள் இதைப் படிக்கட்டும்.

நீ மறைத்ததை நான் மன்னித்துவிட்டேன். நம்பு. வீடு வேண்டும், நேரமில்லை, அம்மா என்ன சொல்வாளோ என்று பயம். பயந்தவன் மறைப்பான். அப்பா இல்லாத பிள்ளை, ஒரே ஆளாக எல்லாவற்றையும் யோசித்திருக்கிறாய். என்னிடம் கேட்டிருந்தால் நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு உனக்கு முன்னால் அந்த ஆபீஸ் வாசலில் போய் நின்றிருப்பேன். அது உனக்குத் தெரியாமல் போனதே என்று ஒரு வருத்தம் உண்டு, அவ்வளவுதான். என் பிறந்த நாளை நீ மறந்ததையும் நான் பெரிதாக எடுக்கவில்லை. கல்யாணப் பரபரப்பில் பெற்றவளையே மறப்பவர்கள் இருக்கிறார்கள்.

எனக்கு ஆறாதது வேறு. வாசலில் நான் குனிந்து எலுமிச்சம்பழம் வைத்தபோது உன்னை ஒருவரும் மிரட்டவில்லை. நான் ஒரு கேள்வி கேட்டேன். இல்லைம்மா, இதில் வேறொரு விஷயம் இருக்கிறது, உட்காருங்கள் சொல்கிறேன் என்று நீ சொல்லியிருக்கலாம். அதைவிட்டால் சும்மாவாவது சிரித்திருக்கலாம். நீ யோசித்தாய். என் சந்தோஷத்தைப் பார்த்தாய். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் எல்லாம் சுலபமாக முடியும் என்று கண்டுகொண்டாய். என்னிடமிருந்து மறைத்த அதே நாளை எடுத்து எனக்கே பரிசாகக் கொடுத்தாய். நான் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனேன். நான் கோயிலில் சொன்னது உனக்குத் தெரியும். கடையில் படம் எடுத்தபோது நீ உள்ளே உட்கார்ந்திருந்தாய். ஒவ்வொரு தடவையும் என்னை நிறுத்த உனக்கு வழி இருந்தது. உன் மாமாவும் நீயும், நான் பேசிக்கொண்டே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதை நினைக்கும்போது இப்போதும் எனக்குக் காது சூடாகிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் மடப்பள்ளிக்குப் போனேன். காய் நறுக்க எல்லாரும் உட்கார்ந்த பிறகு சொன்னேன். "அந்தக் கார் நம்பரு என் பொறந்த நாளுக்காக எடுத்தது இல்ல. நான்தான் தப்பா நினைச்சிக்கிட்டேன். அது அவன் கல்யாணம் ரெஜிஸ்தர் பண்ண நாளு. எனக்கே இப்பத்தான் தெரியும்." கத்திச் சத்தம் நின்றுவிட்டது. ஒருத்தி, "அதுக்கென்னக்கா, நாளு ஒன்னுதானே" என்றாள். ஆறுதலுக்காகச் சொன்னாள். நாள் ஒன்றுதான், யாருடைய நாள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று நான் அவளுக்கு விளக்கிக்கொண்டிருக்கவில்லை. பூசணிக்காயை எடுத்து நறுக்க ஆரம்பித்தேன். உன்னைக் கெட்டவன் என்று அங்கே ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் நான் பரப்பிய பொய்யை நானே பெருக்கி அள்ள வேண்டியிருந்தது. அந்த வேலையை நீ செய்திருக்க வேண்டும்.

கல்யாணத்தில் எனக்குரியது எல்லாவற்றையும் செய்தேன். கோயிலில் தாலியை ஆசீர்வதித்துக் கொடுத்தேன். மறுநாள் சர்ச்சில் முன் வரிசையில் உட்கார்ந்தேன், அவர்கள் எழுந்தபோது எழுந்தேன். உன் மாமாவையும் தாய்மாமன் சீருக்கு நானே கூப்பிட்டேன். அந்தக் காரில் மட்டும் ஏற முடியவில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நீ நின்றாய். என் கால்கள் நேரே வேனுக்குப் போய்விட்டன. அதில் வீம்பு ஒன்றும் இல்லை.

அன்று மாலை மண்டபத்து வாசலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நம்பரை மாத்திடறேன்மா. வேற யாருக்காச்சும் குடுத்துடறேன்" என்றாய். வேண்டாம் என்றேன். இப்போதும் வேண்டாம் என்கிறேன். கார் நம்பருக்கு ஆசைப்படுவது வீண் பெருமையா, சும்மா ஒரு விளையாட்டா என்று நாம் அன்று பேசினோமே, உன் பக்கம்தான் சரி. இரண்டு சின்னஞ்சிறுசுகள் தாங்கள் கணவன் மனைவியான நாளைக் காரில் எழுதிக்கொண்டு ஓட்டுவதில் யாருக்கு என்ன கெடுதல்? அழகான ஆசை அது. முதல் நாளே அப்படிச் சொல்லியிருந்தால், கொஞ்சம் அழுதிருப்பேன், கொஞ்சம் திட்டியிருப்பேன், பிறகு அந்த நம்பரின் பக்கத்தில் நின்று படமும் எடுத்திருப்பேன். அது உங்கள் இருவருடைய நாள். கழற்றாதே. யாராவது கேட்டால் இனிமேல் நிஜத்தைச் சொல், போதும். ஜெசிந்தாவுக்கு அது உரிமை.

போன வாரம் நீ போன் செய்தாய். வீட்டுச் சாவி கிடைத்துவிட்டது, பின்பக்கத்து அறைக்குச் சாயம் அடித்தாயிற்று, கடை வேலையை விட்டுவிட்டு எங்களோடு வந்துவிடுங்கள் என்றாய். "ஜெசிந்தாவும் ரொம்ப ஆசைப்படறாம்மா" என்றாய். உன் குரலில் அன்பு இருந்தது, அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். வைத்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஜெசிந்தாவைக் கூப்பிட்டேன். நிஜமாகவே அவளும் நான் வர ஆசைப்படுகிறாளா, அறை நிஜமாகவே இருக்கிறதா என்று கேட்டேன். நிஜம்தான் அத்தை என்றாள். அவள் சொன்ன பிறகுதான் என் மனசு நம்பியது. நீ பிறந்ததிலிருந்து நீ சொன்ன ஒன்றையும் நான் இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்த்தது இல்லை. காய்ச்சல் என்றால் காய்ச்சல், மெஷின் என்றால் மெஷின். இப்போது இப்படி ஆகிவிட்டேன்.

அதனால் இப்போதைக்கு நான் வரவில்லை, தினேசு. கோபத்தில் சொல்லவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, நீ அறையை விட்டுப் போன பிறகு உன் பெண்டாட்டியிடம் "அவன் சொன்னது நிஜமா?" என்று கேட்கிற அம்மாவாக என்னால் வாழ முடியாது. அவளும் பாவம், நீயும் பாவம். அடிக்கடி போன் செய். சின்னச் சின்ன விஷயமாக இருந்தாலும் சொல், என்ன சாப்பிட்டாய், எங்கே போனாய் என்று. நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என்றைக்கு உன் போனை வைத்துவிட்டு, யாரையும் கூப்பிடாமல் நான் என் வேலையைப் பார்க்கப் போகிறேனோ, அன்றைக்குச் சொல்லி அனுப்புகிறேன். அப்போது வந்து என்னைக் கூட்டிப்போ.

அம்மா